ஓய்வுநாள் பள்ளியில் ஒரு மாணவியின் கேள்வி: சந்தேகம் விசுவாசத்துக்கு எதிரானதா?

கேள்வி (மார்த்தாண்டம், ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை):
அனைவருக்கும் ஸ்தோத்திரம். சபையார் உபவாசமிருந்து ஜெபித்தும் தன் பாட்டி இறந்துவிட்டதால், ஜெபம் கேட்கப்படுகிறதா என்றே சந்தேகமாக இருக்கிறது என்று ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி என் வகுப்பில் சொன்னாள். உடனிருந்த பெரியவர் ஒருவர், சந்தேகப்படுகிறவன் காற்றில் அடிபடும் கடலலைக்கு ஒப்பானவன் என்ற யாக்கோபு நிருப வசனத்தைச் சொல்லி அவளை அடக்கிவிட்டார். அடுத்த வாரம் அவள் வரவில்லை. அதே கேள்வி எனக்கும் உண்டு. அதை மறைத்துக்கொண்டு நான் பாடம் நடத்துவது சரிதானா?

பதில் (நாகர்கோவில், ஓய்வுபெற்ற ஆசிரியர்):
சகோதரி, அந்த வசனத்துக்கு முந்தின வசனத்தையும் வாசித்துப் பாருங்கள். ஞானத்தில் குறைவுள்ளவன் கேட்கலாம், தேவன் கடிந்துகொள்ளாமல் கொடுப்பார் என்று அங்கே எழுதியிருக்கிறது. தேவனே கடிந்துகொள்ளாத இடத்தில் நாம் ஒரு பிள்ளையைக் கடிந்துகொண்டோம். அலை என்று யாக்கோபு சொல்வது இருமனமுள்ளவனைத்தான் என்பது எட்டாம் வசனத்தில் தெளிவாகிறது. அந்த மாணவியோ ஒரே மனதோடு கேட்டிருக்கிறாள். வேதாகமத்தில், காரணம் தெரியாமல் துன்பப்பட்ட யோபு தேவனோடு வழக்காடினான், அவனுடைய நண்பர்கள் தேவனுக்காக வாதாடினார்கள். முடிவில் தேவகோபம் வந்தது நண்பர்கள் மேல்தான்.

பதில் (சின்னத்துறை அருகே, கடற்கரைவாசி):
நான் கத்தோலிக்கன். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கி புயலில் ஆழ்கடலுக்குச் சென்றிருந்த என் சித்தப்பா மகன் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அடக்கம் செய்ய உடலில்லாத அந்த வீட்டில் செபமாலை சொன்ன நாள்களில்தான், உயிர்த்தெழுந்த இயேசுவின் காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்ற சீடர் தோமையாரின் பிடிவாதம் எனக்குப் புரிந்தது. இயேசுவோடு சாகவும் போவோம் என்று முன்பே சொன்னவர் அவர். அவ்வளவு அன்பு வைத்தவருக்குப் பிறர் வாய்ச்செய்தி எப்படிப் போதும்? அவர் நம்பாதிருந்த அந்த எட்டு நாளில் மற்றச் சீடர்கள் அவரை விலக்கவில்லை. கதவு பூட்டிய அறைக்குள் அவரும் அவர்களோடு இருந்தார் என்று யோவான் எழுதுகிறார். திருவிதாங்கோட்டில் உள்ள அரப்பள்ளி என்ற பழைய தேவாலயத்தை நிறுவியவர் தோமையார் என்பது நம் மரபு. அதைப் பெருமையாகச் சொல்லும் நாம், சந்தேகப்படும் பிள்ளையின் வாயை அடைப்பது எனக்குப் பொருந்தவில்லை.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போகிறேன். என்னிடம் பதில் இல்லை என்பதையும், எனக்கும் அந்தக் கேள்வி உண்டு என்பதையும் அவளிடம் முதலில் சொல்லிவிடுவேன்.