ஷேடிங்: நிழலிழப்பு மட்டும் போதாது, கூடவே ‘நிழல் முடக்கம்’ வேணும்

எல்லாருக்கும் வணக்கம்.

நாம தமிழ்ல எழுதுற சோலார் கையேட்டுல ஷேடிங்கிற வார்த்தைக்கு, அதாவது பேனல் மேல நிழல் விழுறதுக்கு, என்ன போடலாம்னு ஓடிட்டிருக்கிற இழையை இப்பதான் முதல்லேர்ந்து படிச்சு முடிச்சேன். நிழலாக்கம், நிழற்றல், நிழற்பாதிப்பு, நிழலிழப்புன்னு நாலு வந்திருக்கு, பெரும்பாலானவங்க நிழலிழப்பு பக்கம் சாஞ்சிருக்கீங்க. நல்ல சொல்தான், நான் வேண்டாம்னு சொல்ல வரல. ஆனா அதை மட்டும் வச்சு கையேடு முழுக்க எழுதினோம்னா படிக்கிறவர் மனசுல ஒரு தப்புக் கணக்கு உக்காந்துடும், அதுக்கப்புறம் எத்தனை படம் போட்டு விளக்கினாலும் அது போகாது.

என்ன தப்புக் கணக்குன்னா, பேனல்ல பத்துல ஒரு பங்கு நிழல் விழுந்தா பத்துல ஒரு பங்கு மின்சாரம் குறையும், அவ்வளவுதானேங்கிறது. நிழலிழப்புன்னு படிச்சதும் யாருக்கும் அப்படித்தான் தோணும். கொடியில காயப்போட்ட துணியில நிழல் பட்ட துணி மட்டும் ஈரமா நிக்கும், மத்ததெல்லாம் காஞ்சிடும், அந்த மாதிரி. பேனல் அப்படி வேலை செய்யல. அங்க ஒரு துணி ஈரமா இருந்தா கொடியில பாதி துணி காயாது.

காரணம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், இருந்தாலும் சொல்லு தேடுறதுக்கு அது முக்கியங்கிறதால சொல்லிடறேன். பேனல்ல கட்டம் கட்டமா தெரியுதே, அந்த ஒவ்வொரு சிலிக்கான் செல்லும் வெயில்ல தர்றது சுமார் அரை வோல்ட்டுதான், அதனால 60 செல், 72 செல்னு ஒண்ணு பின்னாடி ஒண்ணா சரமா கோத்திருப்பாங்க. சரத்துல போற கரண்ட் எல்லா செல் வழியாவும் ஒரே அளவுல போயாகணும். நடுவுல ஒரு செல் நிழல்ல மாட்டிக்கிச்சுன்னா அதால அந்த அளவு கரண்ட் தர முடியாது, மத்த செல் எல்லாம் பின்னாடியிருந்து தள்ளும், அது தலைகீழா திரும்பி மின்சாரம் குடுக்கிறதுக்குப் பதிலா மத்தது குடுக்கிறதைத் தின்ன ஆரம்பிச்சு சூடாகும். அந்தச் சூடுதான் ஹாட் ஸ்பாட், செல்லையே கருக்கிடும். இதைத் தடுக்கத்தான் பின்னாடி ஜங்ஷன் பாக்ஸுக்குள்ள, மாட்டிக்கிட்ட செல்லைச் சுத்தி கரண்ட்டை வேற வழியில விடுற பைபாஸ் டையோடு வைக்கிறாங்க, 60 செல் பேனல்னா பொதுவா மூணு, ஒவ்வொண்ணும் 20 செல்லுக்கு. (பைபாஸ் டையோடுக்கு ‘புறவழி டையோடு’ன்னு ஏற்கனவே முடிவானது எனக்கு ரொம்ப சந்தோஷம், புறவழிச்சாலைன்னு தினம் போர்டுல படிக்கிற வார்த்தை, விளக்கமே தேவையில்ல.) ஆக ஒரே ஒரு செல்லை நிழல் முழுசா மூடினாலும் புறவழி திறந்து அந்த 20 செல்லும் ஆட்டத்துல இருந்து விலகிடும். மூடினது 60ல 1, பரப்புல நூத்துக்கு ரெண்டு கூட வராது. போனது மூணுல ஒரு பங்கு.

இப்ப கவனிங்க, அந்த 20ல 19 செல்லு மேல நல்லா வெயில் அடிக்குது. அதுல நிழலே இல்ல. அதோட மின்சாரமும் போயிடுது. இந்த 19 செல்லுக்கு என்ன ஆச்சுன்னு சொல்ல நம்மகிட்ட வார்த்தை இல்ல, அதுதான் என் குறை.

போன மாசம் ஒரு பழைய 36 செல் பேனலை, 12 வோல்ட் பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற வகை, புறவழி டையோடைக் கழட்டிட்டு உச்சி வெயில்ல வச்சு, நடுவுல முள்ளு ஆடுற பழைய ஆம்மீட்டரைக் கோத்துப் பாத்தேன். முள்ளு 4 ஆம்பியர்ல நின்னுச்சு. சரியா ஒரு செல் அளவுக்கு வெட்டின அட்டையை ஒரு செல் மேல வச்சேன், முள்ளு அப்படியே சரிஞ்சு கிட்டத்தட்ட சைபருக்கு வந்துடுச்சு. அதே அட்டையை ரெண்டு செல்லுக்கு நடுவுல, இதுல பாதி அதுல பாதி மறைக்கிற மாதிரி நகத்தினேன், முள்ளு ஏறி 2ஐ ஒட்டி நின்னுச்சு. அப்புறம் நாலு செல் கூடுற மூலையில, ஒவ்வொண்ணுலயும் கால் பாகம் மறைக்கிற மாதிரி வச்சேன், 3க்குப் பக்கத்துல வந்துச்சு. அட்டை ஒண்ணுதான், மறைச்ச பரப்பு ஒண்ணுதான், வெயிலும் ஒண்ணுதான். கிடைச்சது மட்டும் சைபர், 2, 3. ஏன்னா அங்க கணக்கு எத்தனை செல் மறைஞ்சதுங்கிறது இல்ல, அதிகமா மறைஞ்ச செல் எதுங்கிறதுதான். இந்த மூணையும் ‘நிழலிழப்பு’ன்னு ஒரே பேர்ல கூப்பிட்டா எப்படிங்க விளக்குறது?

அதனால என் யோசனை இது. நிழலிழப்புங்கிறதை நிழல் விழுந்த பரப்புல வராமப் போன வெளிச்சத்துக்கு மட்டும் வச்சுப்போம். அந்த நிழலால, நிழல் படாத செல்லுகளோட மின்சாரமும் சேர்ந்து நின்னு போகுதே, அதுக்கு ‘நிழல் முடக்கம்’. இது நான் புதுசா பிரிக்கிற பிரிவு கிடையாது, பிவிசிஸ்ட் மாதிரி டிசைன் மென்பொருளே நிழலால வெளிச்சம் எவ்வளவு போச்சு, மின்சார ரீதியா மேற்கொண்டு எவ்வளவு போச்சுன்னு ரெண்டு தனி வரியாத்தான் காட்டுது.

ரெண்டு சொல்லு இருந்தா தீர்வு சொல்றதும் சுலபம். பேனலுக்கு ஒண்ணா, அதோட மின்சாரத்தை அங்கயே வீட்டு மின்சாரமா மாத்துற மைக்ரோ இன்வெர்ட்டர் போட்டா நிழலிழப்பு அப்படியேதான் இருக்கும், ஆனா நிழல் முடக்கம் அந்தப் பேனலைத் தாண்டி அடுத்ததுக்குப் போகாது. செல்லைப் பாதியா வெட்டிக் கோக்கிற ஹாஃப் கட் பேனலும் அப்படித்தான், மேல் பாதியும் கீழ் பாதியும் பேரலலா இருக்கிறதால கீழ்ப்பாதியில விழுற நிழல் மேல்பாதியை முடக்காது. அடுத்த வரிசைப் பேனலோட நிழலோ கைப்பிடிச்சுவர் நிழலோ அடி விளிம்புல பட்டையா விழுற இடத்துல, பழைய முழு செல் பேனலை நெட்டுக்கு நிறுத்தினா அடிவரிசை செல் அந்த 20 செல் பிரிவு மூணுலயும் இருக்கிறதால பேனல் மொத்தமும் முடங்கும், படுக்கையா வச்சா ஒரு பிரிவோட போயிடும். விழுற நிழல் ஒண்ணுதான், வைக்கிற விதத்துல முடக்கம் மாறுது.

மத்த சொல்லுகளைப் பத்தி சுருக்கமா. நிழலாக்கம்னா படம் வரையறவங்க பென்சில்ல தீட்டுறது ஞாபகம் வருது, அதை அவங்களுக்கே விட்டுடலாம். நிழற்றல் அழகான பழைய சொல், ஆனா அது நிழல் குடுத்துக் காக்கிறது. நம்ம மொழியில நிழல்னாலே ஆறுதல்தான், நிழற்குடைன்னு சொல்றோம், நிழலோட அருமை வெயில்ல தெரியும்னு சொல்றோம். பேனலுக்கு மட்டும் அது கேடு, அதனால நிழல்ங்கிறதோட கூட வர்ற சொல்லு அந்தக் கேட்டைச் சொல்லித்தான் ஆகணும். நிழற்பாதிப்பு அதைச் சொல்லுது, ஆனா எந்தப் பாதிப்புன்னு சொல்லல.

இன்னொண்ணு, நியர் ஷேடிங், ஃபார் ஷேடிங். இதுக்கு அண்மை நிழல், தொலை நிழல்னு வந்திருக்கு. அண்மை நிழல் சரி. தொலை நிழலை மட்டும் ‘தொடுவான மறைப்பு’ன்னு வைக்கலாமான்னு கேக்கிறேன். தூரத்து மலை சூரியனை மறைச்சா எல்லா பேனலுக்கும் ஒரே நேரத்துல நேர் வெயில் நின்னுடும், எல்லா செல்லும் ஒண்ணா குறையும், முடக்கம்னு எதுவும் வராது. பக்கத்துல இருக்கிற தண்ணி டேங்க், கம்பம், மரக்கிளைதான் ஒரு பகுதியை மட்டும் பிடிச்சு முடக்கும். அதுலயும் ஒல்லியான பொருளுக்கு ஒரு வரம்பு இருக்கு. சூரியன் நமக்கு அரை டிகிரி அகலத் தட்டாத் தெரியறதால எந்தப் பொருளோட கருநிழலும் (சூரியன் முழுசா மறையுற நிழல்) அதோட தடிமனைப் போல சுமார் 108 மடங்கு தூரத்தோட முடிஞ்சிடும், அதுக்கப்புறம் சூரியன் பாதி மட்டும் மறையுற மங்கலான புறநிழல்தான். ஒரு சென்டிமீட்டர் கேபிள்னா ஒரு மீட்டர் சொச்சத்துக்கு அப்பால கருநிழல் கிடையாது, 10 சென்டிமீட்டர் பைப்புன்னா கிட்டத்தட்ட 11 மீட்டர் வரைக்கும் உண்டு. கருநிழல், புறநிழல் ரெண்டும் கிரகணம் படிச்ச எல்லாருக்கும் தெரியும், கையேட்டுல அப்படியே எடுத்துக்கலாம்.

அப்ஸ்ட்ரக்‌ஷனுக்கு மறைப்புன்னே வச்சுடலாம். மறைப்பு நிக்குது, நிழல் விழுது, சரம் முடங்குது. எழுதிப் பாருங்க, தானா ஓடும்.

— — —

மறுமடல்:

> முடக்கம்னா முழுசா நின்னு போனதுன்னு ஆகிடாதா? பாதி கரண்ட் வந்துட்டிருக்கும்போது முடக்கம்னு எப்படிச் சொல்றது?

ஐயா, நல்ல கேள்வி. பணம் முடங்கிக் கிடக்குன்னு சொல்றோம் இல்லையா, அப்ப பணம் இருக்கு, நம்மளுதுதான், ஆனா எடுத்துச் செலவு பண்ண முடியல. போட்ட முதல்ல பாதி முடங்கிடுச்சுன்னும் சொல்றோம், மீதி பாதி ஓடிட்டுதான் இருக்கு. வெயில் பட்டுட்டிருக்கிற அந்த 19 செல்லோட நிலைமை அச்சு அசல் இதுதான். வெளிச்சம் வருது, செல்லும் நல்லா இருக்கு, ஆனா அதோட மின்சாரத்தை வெளிய எடுக்க முடியல. நிழல் நகந்ததும் திரும்ப வந்துடும். இழப்புங்கிற சொல்லுல இந்தத் திரும்பி வர்றது இல்ல, முடக்கத்துல இருக்கு. எவ்வளவுன்னு சொல்லணும்னா ‘மூணுல ஒரு பங்கு முடக்கம்’னு அளவோட சொல்லிடலாம்.

> நிழல் + முடக்கம் நிழன்முடக்கம்னுதான் புணரும்.

இலக்கணப்படி சரிதான் ஐயா, கல் + மலை கன்மலை ஆகிற மாதிரி. ஆனா பேனல் மாட்டுறவர் நிழன்முடக்கம்னு படிச்சா உள்ள நிழல் இருக்கிறதே அவருக்குத் தெரியாமப் போயிடும். இப்ப அவங்க வாயில இருக்கிறது ‘ஷேடோ விழுது’, அதுல இருந்து ‘நிழல்’ங்கிற முழு வார்த்தைக்கு வந்தாலே பெரிய விஷயம். அதனால இடைவெளி விட்டு நிழல் முடக்கம்னே எழுதுவோம், நிழற்படம் மாதிரி ஏற்கனவே பழகினது பழகினபடி இருக்கட்டும்.

கையேட்டுல அந்தப் பத்தியை இப்படி மாத்தி எழுதியிருக்கேன், படிச்சுட்டு எங்க இடறுதுன்னு சொல்லுங்க: “காலையில் பக்கத்து மறைப்பின் கருநிழல் பேனலின் அடிவரிசை செல்களில் விழுகிறது. நிழலிழப்பு பரப்பில் பத்தில் ஒரு பங்கே. ஆனால் அடிவரிசை மூன்று பிரிவுகளிலும் இருப்பதால் நிழல் முடக்கம் பேனல் முழுவதையும் பிடிக்கிறது. பேனலைப் படுக்கையாகத் திருப்பினால் முடக்கம் ஒரு பிரிவோடு நிற்கும்.”