அம்மாப்பேட்டை வீடு குழு: கயலின் ஏற்காடு படம்

கலா சித்தி: கயல் வரைந்த படம், பாருங்கள். பள்ளியில் ‘நம்ம மலை, நம்ம செடி’ என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்.

பெரியப்பா: அருமை கண்ணு! ஏரி, படகு, மூடுபனி எல்லாம் அப்படியே இருக்கு 👏

முரளி சித்தப்பா: படம் நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு செடிகூட நம்ம மலையுடையது இல்லையே! சில்வர் ஓக் ஆஸ்திரேலியா, காபி ஆப்பிரிக்கா, அந்த உண்ணிச்செடி அமெரிக்கா.

பெரியப்பா: ஆரம்பிச்சுட்டான்.

கயல்: சில்வர் ஓக் இல்லாமல் ஏற்காடா சித்தப்பா? எஸ்டேட் முழுக்க அதுதானே?

முரளி சித்தப்பா: காபிக்கு நிழலுக்காக நட்டது. மிளகுக்கொடி ஏற்றவும் வசதி. அழிக்க வேண்டாம், பின்னால் தள்ளிவிடு. முன்னால் நம்ம மலையில் மரக்கிளையில் ஒட்டி வளரும் ஆர்க்கிட் பூச்செடி ஒன்று வரை. இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 1963-ல் ஆரம்பித்த தோட்டம் ஏற்காட்டிலேயே இருக்கிறது, போய்ப் பார்த்து வரையலாம்.

கலா சித்தி: அங்கே பூச்சி தின்னும் குடுவைச் செடி இருக்குமே முரளி, அதை வரையட்டுமா?

முரளி சித்தப்பா: அது மேகாலயாவிலிருந்து வந்தது அண்ணி 😄

கயல்: ஆர்க்கிட்டில் பூ மட்டும் போதுமா?

முரளி சித்தப்பா: வேரையும் வரை. கிளையில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கும். மரத்தை உறிஞ்சாது, மழையிலும் பனியிலும் வரும் ஈரத்தைத்தான் பிடித்து வைக்கும். 19-ஆம் நூற்றாண்டில் ராபர்ட் வைட் என்ற டாக்டருக்காக ரங்கையா, கோவிந்து என்று இரண்டு ஓவியர்கள் சென்னை மாகாணத்துச் செடிகளை வரைந்தார்கள். செடி முழுசாக ஒரு பக்கம், பூவைப் பிரித்து அதன் பாகங்கள் பெரிதாகப் பக்கத்தில். நீயும் அப்படியே வரை. ஒரு ஆர்க்கிட்டுக்கு கோவிந்து பெயரையே வைத்தார் வைட். அந்தப் படங்கள் இப்போது ஸ்காட்லாந்தில், எடின்பரோ தாவரவியல் தோட்டத்தில் இருக்கின்றன.

பெரியப்பா: நம்ம ஆள் பெயரிலா! இன்னும் அதே பெயர்தானா?

முரளி சித்தப்பா: இல்லை அண்ணா, பிற்பாடு வேறு பேரினத்தில், அதாவது வேறு செடிக் குழுவில், சேர்த்துவிட்டார்கள். பெயரும் மாறிவிட்டது.

பெரியப்பா: அதானே பார்த்தேன்.

கயல்: அப்போ படகு?

பெரியப்பா: படகு இருக்கட்டும். அதில் கை வைத்தால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

மாமா: மாப்பிள்ளை, நாளைக்குப் போகிறீர்கள் என்றால் வண்டியில் எனக்கும் ஒரு இடம். 20 கொண்டை ஊசி வளைவு, எலுமிச்சம்பழம் மறக்காதீர்கள்.

கலா சித்தி: தோட்டம் திறந்திருக்குமா என்று முதலில் விசாரியுங்கள் முரளி. 6 மணிக்குக் கிளம்பலாம், இட்லி நான் கட்டிவிடுகிறேன். கயல், அங்கே எதையும் பறிக்கக் கூடாது.

மாமா: சட்னியா, பொடியா?