சலூன் கண்ணாடியில மணி தப்பாத் தெரியுது, என்ன வழி?

கேள்வி – திங்கள்சந்தை சலூன்காரன்:
கடையில பின்சுவருல சிவப்பு எழுத்து டிஜிட்டல் கடிகாரம் மாட்டியிருக்கேன். சேர்ல இருக்கவங்க முன்னால உள்ள கண்ணாடியிலதான் அதைப் பாப்பாங்க. நேத்து மத்தியானம் 12:50க்கு ஷேவிங் நடக்கும்போ ஒருத்தர் நுரையோட சாடி எழும்பிட்டாரு. "மணி 2:51 ஆச்சா? பஸ்சு போச்சே!"ன்னு ஒரே வெப்ராளம். எழுத்து திரும்பினா வாசிக்க முடியாம போகணும், இது வேற மணியைல்லா காட்டுது? முன்சுவருல மேல வரைக்கும் கண்ணாடிதான், ஆணி அடிக்க இடமில்ல.

மார்த்தாண்டம் வாட்ச் ரிப்பேர்:
டிஜிட்டல்ல அதான் வில்லங்கம் அண்ணே. ஏழு கோட்டுல வர்ற 2, கண்ணாடியில அசல் 5. 5 அப்படியே 2. 0, 1, 8 மாறாது. வரிசையும் திரும்புறதால 12:50, 02:51 ஆயிரும். 3, 4, 7 எல்லாம் கோணலாத் தெரியும், யாரும் ஏமாற மாட்டாங்க. 12:51 மாதிரி சில மணி மட்டும் மாறாது, 12:51 அப்படியே 12:51தான். உங்க ஆளு ஒரு நிமிஷம் பொறுத்திருந்தா பஸ்சு திரும்பக் கிடைச்சிருக்கும்!

குளச்சல்காரன்:
சவத்தைக் கழத்திட்டு முள்ளு வச்ச கடிகாரம் மாட்டுங்க.

மார்த்தாண்டம் வாட்ச் ரிப்பேர்:
அதுலயும் 4:10, 7:50ஆத் தெரியும். 12 மணியில இருந்து கழிச்சாச் சரியான நேரம் வரும், ஆனா கழுத்துல கத்தி இருக்கும்போ யாரு கணக்குப் போடுவா? இடஞ்சுழியா ஓடுற கடிகாரம் விக்குறாங்க. வெறும் டயலை மட்டும் மாத்தி ஒட்டினாப் போதாது, மெஷினும் திரும்பி ஓடணும். அப்போ நேரா பாக்குறவங்களுக்குக் குழப்பம்.

திங்கள்சந்தை சலூன்காரன்:
மக ஒரு கேள்வி கேக்குறா. இடம் வலம் மாத்துற கண்ணாடி ஏன் மேல கீழ மாத்தல?

தக்கலை வாத்தியார்:
கண்ணாடி இடம் வலத்தை மாத்தவே இல்ல. மாத்துறது முன்பின் மட்டும். தெளிஞ்ச பிளாஸ்டிக் தாள்ல பேரை எழுதி, எழுத்து உங்களுக்கு நேரா தெரியுற மாதிரியே பிடிச்சுட்டு கண்ணாடியைப் பாக்கச் சொல்லுங்க. பேரு நேராத்தான் இருக்கும். காகிதத்தைக் கண்ணாடிக்குக் காட்ட நாமதான் பக்கவாட்டுல திருப்புறோம், எழுத்து மாறுறது அங்க. காகிதத்தைத் தலைகுப்புறத் திருப்பிக் காட்டினா மேல கீழதான் மாறும். சாமித்தோப்பு அய்யாவழிப் பதியில கண்ணாடியைப் பாத்துதான் கும்பிடுவாங்க, அதுக்கு முன்ன நிக்கும்போ நெத்தி நாமம் மாறினதே தெரியாது, ரெண்டு பாதியும் ஒண்ணுபோல இருக்குறதால. சட்டைப் பாக்கெட்டுதான் காட்டிக்கொடுக்கும்.

கடிகாரத்தைப் பக்கச்சுவருக்கு மாத்துங்க. சேர்ல இருக்கவரும் பெஞ்சுல இருக்கவரும் நேரா பாக்கலாம்.

திங்கள்சந்தை சலூன்காரன்:
பக்கச்சுவருல காலண்டர் கிடக்கு சாரே, அதை எடுத்துட்டு மாட்டுறேன். வயர் எட்டுமான்னு பாக்கணும்.