மறு: மிலிஷியா, லாயலிஸ்ட் - தமிழில் எப்படி?

> அமெரிக்க விடுதலைப் போர்க் கட்டுரைக்கு மிலிஷியா = ஆயுதக்குழு, லாயலிஸ்ட் (பிரிட்டிஷ் மன்னர் பக்கம் நின்றவர்) = விசுவாசி என்று போடலாமா?

வணக்கம் ஐயா. இரண்டுமே இடிக்கிறது.

ஆயுதக்குழு என்றால், செய்தித்தாள் படிப்பவருக்கு அரசை எதிர்த்துக் காட்டில் திரியும் கூட்டம்தான் நினைவுக்கு வரும். மாசசூசெட்ஸ் மிலிஷியா அப்படியல்ல. 16 முதல் 60 வயது வரையுள்ள ஆண்கள், சட்டப்படி, சொந்தத் துப்பாக்கியோடு பயிற்சிக்கு வந்தாக வேண்டும். உழவர், கொல்லர், கடைக்காரர். 1775 ஏப்ரல் 19 அன்று லெக்சிங்டன் திடலில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு எதிரே நின்ற எழுபது சொச்சம் பேர் இவர்கள்தான். எட்டுப் பேர் செத்தார்கள். குடியேற்றங்களின் பொதுப் பேரவையான காங்கிரஸ் அமைத்த முறையான படை பிறந்ததே ஜூன் 14-ஆம் தேதிதான். (காங்கிரஸ் என்று எழுதினால் நம் வாசகர் கதர்ச்சட்டையை நினைப்பார். அது தனிப் பஞ்சாயத்து.)

பரிமேலழகர் குறள் உரையில் மூலம், கூலி, நாடு, காடு, துணை, பகை என்று ஆறு வகைப் படை சொல்கிறார். அதில் நாட்டுப்படையை எடுத்துக்கொள்ளலாமே?

அடுத்தது விசுவாசி. தேவாலயத்துக்குப் போகிறவர் என்றுதான் பலரும் படிப்பார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. 1775 நவம்பரில் வர்ஜீனியா ஆளுநர் டன்மோர், கிளர்ச்சிக்காரர்களின் அடிமைகள் மன்னர் படையில் சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்தார். அதை நம்பி உயிரைப் பணயம் வைத்து ஓடிவந்தவர்களுக்கு ஜார்ஜ் மன்னர்மேல் என்ன விசுவாசம்? அவர்களுக்கு வேண்டியிருந்தது விடுதலை. விசுவாசம், பற்று, பக்தி எல்லாம் மனசைப் பற்றிய சொற்கள். நமக்கு, ஆள் எந்தப் பக்கம் நின்றார் என்று மட்டும் சொன்னால் போதும். மன்னரணியினர் என்று வைப்போம்.

---

> நாட்டுப்படையை எடுத்துக்கொள்ளலாமே?

நாட்டுப்படை என்றால் தேசிய ராணுவம் என்று படித்துவிட மாட்டார்களா? குடிப்படை என்று ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறதே.

---

குடிப்படையா! டாஸ்மாக் வாசலில் நிற்கிற படை என்பார்கள், வேண்டாம் அண்ணா.

நாட்டுக்கோழி, நாட்டு மருந்து, நாட்டு ஓடு என்கிறோம். அங்கெல்லாம் 'நாட்டு' என்றால் உள்ளூர்தானே? தேசம் இல்லையே. மிலிஷியாவும் அந்தந்த ஊர்க்காரர் கூடிய படைதான்.

1780 அக்டோபர் 7 அன்று கிங்ஸ் மவுண்டனில் நடந்த சண்டையில் இச்சொற்களை வைத்துப் பாருங்கள். மன்னர் பக்கம் தலைமை தாங்கிய ஃபெர்குசன் பிரிட்டிஷ்காரர். மற்றபடி மோதியவர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே குடியேற்றங்களைச் சேர்ந்த ஆட்கள். மிலிஷியாவை 'விடுதலைப்படை' என்று நான் முதலில் எழுதிவைத்திருந்தேன், இந்தச் சண்டைக்கு வந்ததும் உதைத்தது. மன்னரணி நாட்டுப்படை, எதிரணி நாட்டுப்படை என்றால் ஒழுங்காக உட்காருகிறது.

---

சரி, நாட்டுப்படைக்கு என் ஓட்டும். கூலிப்படையை மட்டும் ஹெஸ்ஸியர்களுக்கு (பிரிட்டன் பக்கம் சண்டைபோட்ட ஜெர்மன் சிப்பாய்கள்) போட்டுவிடாதீர்கள். இன்று அந்தச் சொல்லுக்கு வெட்டரிவாள் வாசனை வந்துவிட்டது. தவிர, வந்த ஜெர்மன் சிப்பாய்கள் சுமார் 30,000 பேரும் தாங்களாக விலைபேசி வந்தவர்கள் இல்லை. அவர்களை அனுப்பிய சிற்றரசர்கள்தான் பிரிட்டனோடு ஒப்பந்தம் போட்டுப் பணம் வாங்கினார்கள். வாடகைப்படை என்றால் யார் கொடுத்தார், யார் எடுத்தார் என்ற கேள்வியாவது எழும்.

மினிட்மென் இன்னும் பாக்கி. அழைத்த நிமிடமே கிளம்பத் தயாராக இருந்த நாட்டுப்படையினர். நொடிப்படை எப்படி?