3 லட்சத்தில் நெல் உலர்த்தி: செய்து விற்பதா, உலர்த்திக் கொடுத்துக் கூலி வாங்குவதா?

மன்னைப் பட்டறை

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். ட்ரெய்லர், கேஜ் வீல், கேட், கிரில் என்று வருகிற வேலையைச் செய்கிறோம். சொந்தமாக ஒரு பொருள் செய்து சந்தைக்குக் கொண்டுவர வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

குறுவை அறுப்பும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து வருவது நம் டெல்டாவுக்குப் பழகிய கஷ்டம். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மெஷின் அறுத்துக் கொட்டும் நெல்லோ 20, 22 என்று நிற்கிறது. சாலையோரம் முழுக்கத் தார்ப்பாயும் நெல்லும்தான். அதனால் ஒரு டன் கொள்ளும் உலர்த்தி ஒன்றை ட்ரெய்லர் மேல் கட்டி, உமி எரித்து ஓடும்படி செய்யலாம் என்று வரைந்து வைத்திருக்கிறேன்.

கையில் 3 லட்சம் இருக்கிறது. கடன் வாங்க மனமில்லை. மாதிரி மெஷின் ஒன்றைப் பெயின்ட் அடித்து முழுசாக முடித்துப் பட்டறை வாசலில் நிறுத்தி, ஒன்று 1.75 லட்சம் என்று ஆர்டர் எடுக்கலாம் என்பது திட்டம். காப்புரிமைக்கும் எழுதலாமா என்று யோசிக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெண்ணாற்றங்கரை

தம்பி, நீடாமங்கலம் பக்கத்து விவசாயி நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் பணத்தைப் போடாதீர்கள். ஈர நெல் பிரச்சினை உண்மைதான். அதற்கு விவசாயி காசு கொடுப்பான் என்பதைத்தான் நான் நம்பவில்லை.

கணக்கைப் பாருங்கள். 22 சதவீத ஈரத்தில் இருக்கும் ஒரு டன்னை 17க்குக் கொண்டுவந்தால் சுமார் 60 கிலோ தண்ணீர் போய்விடும். சன்ன ரகத்துக்கு 2025-26 பருவத்தில் குவிண்டால் 2,545 ரூபாய். அந்த விலையில் 60 கிலோ என்பது 1,500 ரூபாய்க்கு மேல். நெல் காய்ந்தால் எடை குறையும், அதைத் தடுக்க முடியாது. ஆனால் கூலியும் கொடுத்து எடையும் இழக்கிறோமே என்றுதான் விவசாயி பார்ப்பான். உங்கள் விசிறியைப் பவர் டில்லரில் ஓட்டினால் மணிக்கு ஒரு லிட்டர் டீசல் என்று வைப்போம். ஆறு மணி நேரத்துக்கு 600 ரூபாய் வரும். இரண்டு ஆள், ஆளுக்கு 500. எல்லாம் சேர்த்து டன்னுக்கு 3,000 ரூபாயைத் தாண்டுகிறது. அந்த டன்னின் விலையே 25,450 தான்.

இன்னொன்று. ஐந்து ஏக்கர் அறுத்தால் பத்து டன் குறையாமல் வரும். ஒரு டன்னுக்கு ஆறு மணி நேரம் என்றால் அந்தப் பத்து டன்னை எப்போது உலர்த்தி முடிப்பீர்கள்? அதற்குள் அடியில் கிடக்கிற நெல் முளைத்துவிடும். மழை ஆண்டுகளில் மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போய், 19 வரை தளர்த்தி வாங்கியதும் உண்டு. அப்படி ஓர் அறிவிப்பு வரும் என்ற பேச்சு கிளம்பினாலே உங்கள் மெஷின் பக்கம் யாரும் வர மாட்டார்கள்.

பொன்மலை ஃபிட்டர்

பெரியவர் சொன்ன கணக்கு சரி. அதற்காக 'செய்யாதே' என்பதை ஏற்க மாட்டேன். ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். நெல்லைத் தட்டில் பரப்பி அடியிலிருந்து சூடான காற்றை ஊதும் இந்த வகைத் தட்டு உலர்த்தி நமக்குப் புதுசே தவிர உலகத்துக்குப் பழசு. பிலிப்பைன்ஸில் 1970களிலேயே செய்திருக்கிறார்கள். வியட்நாமில் மேகாங் டெல்டாவில் 1980களில் தொடங்கி ஊர் ஊராகப் பரவியது. அங்கேயும் ஈர நெல், அங்கேயும் சின்ன விவசாயிகள்.

மன்னைத் தம்பிக்கு ஒன்று. காப்புரிமையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அடிப்படை அமைப்பு உலகத்துக்கே தெரிந்தது, அதற்குக் கிடைக்காது. உங்கள் அடுப்பில் உண்மையிலேயே புதிதாக ஏதாவது இருந்தால் முதல்கட்ட விண்ணப்பம் மட்டும் போட்டு வைக்கலாம். தனிநபருக்கு இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய், முழு விண்ணப்பத்துக்கு 12 மாத அவகாசம் உண்டு. அந்த அவகாசம் ஓடத் தொடங்கிவிட்டால் திரும்பாது. அதனால் அடுப்பு வேலை செய்கிறது என்று தெரிந்தபின் போடுங்கள். ஆனால் வெளியாட்களுக்குக் காட்டுவதற்கு முன் போட்டுவிட வேண்டும்.

இப்போது செலவு. ட்ரெய்லரும் பெயின்டும் கடைசி வேலை. ஒரு டன் நெல்லை ஓரடி உயரத்துக்குப் பரப்ப எட்டடிக்கு எட்டடி இடம் வேண்டும். முதல் மாதிரிக்குச் சுற்றிலும் செங்கல்லை மண்சாந்தில் அடுக்குங்கள். ஓட்டைத் தகட்டுக்குப் பதில் மூங்கில் படல், அதன்மேல் வலை. இதற்குப் பெரிய செலவே கிடையாது. பணத்தைப் புளோவரில், அதாவது காற்று ஊதும் விசிறியில் போடுங்கள். ஓரடி நெல்லைத் துளைத்துக் காற்று சீராக மேலே வர வேண்டும், வீட்டு எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு அந்த அழுத்தம் கிடையாது. இரண்டு எச்பி மோட்டாரில் ஓடும் பழைய புளோவர், மூடிய அரிசி ஆலைச் சாமான்களில் கிடைக்கும், தேடுங்கள். பம்புசெட் இலவச மின்சாரத்தை இதற்கு எடுக்கக்கூடாது, அதையும் நினைவில் வையுங்கள்.

அடுப்புதான் உண்மையான சோதனை. 60 கிலோ தண்ணீரைப் போக்க, இழப்பெல்லாம் சேர்த்து உமி 40 முதல் 50 கிலோ ஆகும் என்பது என் கணக்கு. உமி எரியும்போது பொறி பறக்கும். அது நேராக நெல்லுக்குப் போனால் முடிந்தது கதை. பொறியும் சாம்பலும் படிய நடுவில் ஒரு அறை விடுங்கள். இன்னும் நல்லது, புகை ஒரு குழாயிலும் சுத்தமான காற்று அதைச் சுற்றியும் போகும்படி பிரித்துவிடுவது. உமி கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், ஆனால் அரிசியில் புகை வாடை வராது.

வெண்ணாற்றங்கரை

சார், நீங்கள் சொல்வதெல்லாம் செய்முறை. நான் கேட்டது வாங்குவது யார் என்று. வியட்நாமில் ஈர நெல்லுக்கும் காய்ந்த நெல்லுக்கும் வியாபாரி என்ன வித்தியாசம் கொடுத்தான், நம் ஊரில் என்ன கொடுக்கிறான், இரண்டும் ஒன்றா? செங்கல்லில் கட்டினால் செலவு குறையும், சரி. வாங்க ஆளில்லாத பொருளைக் குறைந்த செலவில் செய்தாலும் நஷ்டம்தானே.

கும்பகோணம் கணக்கு

குறுக்கே வருகிறேன். மானியத்தை நம்பி 1.75 லட்சம் என்று விலை வைத்திருந்தால் கவனம். வேளாண் இயந்திர மானியப் பட்டியலில் சேர அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையத்தின் அறிக்கை வேண்டும். தென்மண்டல நிலையம் ஆந்திராவில் அனந்தப்பூர் பக்கம் கார்லதின்னேயில் இருக்கிறது. கட்டணம், போக்குவரத்து, காத்திருப்பு எல்லாம் 3 லட்சத்தில் அடங்குமா என்று பாருங்கள். மாதிரி செய்யும் கட்டத்துக்கு மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் 'நிதி பிரயாஸ்' திட்டத்தில் 10 லட்சம் வரை மானியம் உண்டு. அதைப் பிரயாஸ் மையமாக இருக்கிற தொழில் வளர்ப்பு மையம் (இன்குபேட்டர்) வழியாகத்தான் கேட்க முடியும்.

விதைநெல் திருத்துறைப்பூண்டி

நான் விதை உற்பத்தி செய்கிறவள். இரண்டு பேருமே கொள்முதல் நிலையத்துக்குப் போகிற நெல்லைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்தச் சந்தையைப் பொறுத்தவரை வெண்ணாற்றங்கரை அண்ணன் சொல்வதுதான் உண்மை. அங்கே போகாதீர்கள் தம்பி.

எங்கள் கஷ்டம் வேறு. சான்று விதைக்கு ஈரப்பதம் 13 சதவீதத்துக்குள் வேண்டும், முளைப்புத்திறன் 80 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. மழை பிடித்துக்கொண்டால் 17க்குக் கொண்டுவருவதே பாடு, 13க்கு வழியே கிடையாது. குவித்து வைத்தால் உள்ளே சூடேறி முளைப்பு போகும். அப்புறம் அது சாதாரண நெல் விலைக்குத்தான். பெரிய ஆலை உலர்த்திக்குக் கொண்டு போகலாமே என்பீர்கள். அது பத்து டன், இருபது டன் கேட்கும். என்னிடம் ஒரு ரகத்தில் ஒன்றரை டன் இருக்கும். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, தூயமல்லி போடுகிறவர்களிடம் அதைவிடக் குறைவாக இருக்கும். போதாததற்கு, முன்னால் ஓடிய ரகத்தின் மணி அந்த ஆலையின் மூலை முடுக்கெல்லாம் இருக்கும். விதையில் கலப்பு வந்தால் பெயரே போய்விடும்.

ஒரு டன் என்கிற அளவை அண்ணன் குறையாகச் சொன்னார். எனக்கு அதுதான் வேண்டும். திறந்த தட்டு என்பதால் பெருக்கித் துடைத்துவிட்டு அடுத்த ரகத்தைக் கொட்டலாம்.

ஆனால் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். காற்றின் சூடு 43 டிகிரியைத் தாண்டக்கூடாது. தாண்டினால் விதை செத்துவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

பொன்மலை ஃபிட்டர்

இது நல்ல சந்தை. அக்கா சொன்ன 43 டிகிரிதான் இனி உங்கள் வடிவமைப்புக்குத் தலைமை. உமி அடுப்பைச் சூடு ஏறாமல் பிடிப்பது கடினம். அதனால் குளிர்காற்று கலக்க ஒரு கதவு, தட்டுக்குக் கீழே நான்கு மூலையிலும் வெப்பமானி. முக்கால் டன்னை வைத்து ஓட்டிப் பாருங்கள். பாதியில் ஒருமுறை கிளறிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடிநெல் வெடித்துக் குறுணையாகும், மேல்நெல் ஈரமாகவே நிற்கும்.

தஞ்சாவூரில் இருக்கிற மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெமுக்கும் ஒரு நடை போங்கள். அந்த நிறுவனமே 1967இல் திருவாரூர் நவீன அரிசி ஆலையில் ஒரு சின்ன ஆய்வகமாகத் தொடங்கியது, டெல்டாவின் ஈர நெல் பிரச்சினைக்காகத்தான். உங்கள் கேள்வி அவர்களுக்குப் புதிதாக இருக்காது.

வெண்ணாற்றங்கரை

விதைக்கு என்றால் நான் எதிர்க்கவில்லை. விதைநெல்லுக்கு இருக்கிற விலை வித்தியாசம் கூலியைத் தாங்கும். ஆனால் பட்டறைத் தம்பி ஆரம்பத்தில் எழுதியது 'செய்து நிறுத்தி ஆர்டர் எடுப்பேன்' என்று. அதை இன்னும் எதிர்க்கிறேன். விதைக்காரர்கள் ஆளுக்கு ஒன்று வாங்க மாட்டார்கள், வருஷத்தில் சில வாரம்தான் அவர்களுக்கு வேலை. ஊருக்கு ஒன்று இருந்தால் போதும் என்றால் விற்பதற்கு எத்தனை மெஷின் இருக்கிறது? மெஷினை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், உலர்த்திக் கொடுத்துக் கூலி வாங்குங்கள். கூலி கொடுக்க ஆள் வந்தால் அப்புறம் விற்பனையைப் பேசலாம்.

பொன்மலை ஃபிட்டர்

இதில் எனக்கு மாற்றுக் கருத்து. பட்டறைக்காரர் ராத்திரி கண்விழித்து நெல் உலர்த்திக்கொண்டிருந்தால் பட்டறையை யார் பார்ப்பது? அவருக்குத் தெரிந்தது இரும்பு வேலை. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் வேளாண் இயந்திர வாடகை மையம் நடத்துகின்றன, அவர்களுக்கு ஒன்று விற்றால் ஓட்டுவது அவர்கள் பாடு. ஒரு பருவம் சொந்தமாக ஓட்டிப் பார்க்கட்டும், சரி. அதையே தொழிலாக்கச் சொல்லாதீர்கள்.

மன்னைப் பட்டறை

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாகப் படித்துப் படித்து யோசித்தேன். ட்ரெய்லரை விட்டுவிட்டேன். பட்டறைக்குப் பின்னால் இருக்கிற கொட்டகையில் செங்கல் தொட்டி கட்டி, புளோவருக்கும் அடுப்புக்கும் ஒரு லட்சத்துக்குள் முடிக்கப் பார்க்கிறேன். மீதி இரண்டு லட்சத்தைத் தொட மாட்டேன். இந்தப் பருவம் கூலிக்கு ஓட்டிப் பார்க்கிறேன், விற்பதைப் பற்றி அப்புறம்தான்.

அக்கா, உங்கள் விதையில் முக்கால் டன் முதல் ஓட்டத்துக்குக் கொடுப்பீர்களா? முளைப்பு 80க்கு மேல் வந்தால் மட்டும் கூலி கொடுங்கள்.

விதைநெல் திருத்துறைப்பூண்டி

கொடுக்கிறேன், ஆனால் முதல் ஓட்டத்துக்கு விதை கிடையாது. சாதாரண நெல்லில் ஓட்டி, சூடு நான்கு மூலையிலும் 43க்குள் நிற்கிறது என்று காட்டுங்கள். அதன்பின் விதை. அதே குவியலில் ஒரு கிலோ எடுத்து நிழலில் உலர்த்தி வைப்பேன். இரண்டும் சேர்த்துப் பரிசோதனைக்குப் போகட்டும். நிழலில் உலர்த்தியது நன்றாக முளைத்து உங்களுடையது முளைக்காவிட்டால் தவறு மெஷினில். இரண்டுமே முளைக்காவிட்டால் தவறு என் நெல்லில், கூலியை அப்போதும் தருவேன்.

வெண்ணாற்றங்கரை

மெஷினால் விதை கெட்டால் அந்த முக்கால் டன்னுக்கு யார் பொறுப்பு? விதை விலைக்கும் நெல் விலைக்கும் உள்ள வித்தியாசம் சின்னத் தொகை இல்லை. அதையும் இப்போதே பேசுங்கள், பின்னால் மனக்கசப்பு வேண்டாம்.

மன்னைப் பட்டறை

நியாயம் அண்ணே. தொடாமல் வைத்திருக்கும் பணத்தில் அந்த வித்தியாசத்தைத் தனியாக எடுத்து வைக்கிறேன். முளைப்பு முடிவு வர 14 நாள் ஆகும், அதுவரை அக்காவின் அடுத்த சுமையை எடுக்க மாட்டேன். சாதாரண நெல் ஓட்டத்துக்கு உங்கள் நெல்லைக் கொடுக்கிறீர்களா?

வெண்ணாற்றங்கரை

ஐந்து சிப்பம் தருகிறேன். குறுணை எவ்வளவு வருகிறது என்று அரைத்துப் பார்த்து இங்கேயே எழுதுவேன், நல்லதோ கெட்டதோ.