மைக்கேனியா மரத்தை நெரிக்கிறதா? இந்தப் புளுகை யார் கிளப்பிவிட்டது?

கவாத்துக்கத்தி:
ஒரு வாட்ஸ்அப் பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. "மைக்கேனியா கொடி மரத்தைச் சுற்றி நெரித்து, சாற்றை உறிஞ்சிக் கொல்லும்." இங்கேயும் அதை ஒருவர் ஒட்டியிருக்கிறார், 40 பேர் கைதட்டியிருக்கிறார்கள். மைக்கேனியா மைக்ராந்தா சூரியகாந்திக் குடும்பம். பச்சை இலை இருக்கிறது, சொந்த வேர் இருக்கிறது, சாறு உறிஞ்ச அதற்கு உறுப்பே கிடையாது. நெரிப்பதும் இல்லை. போர்வை மாதிரி மூடி வெளிச்சத்தை மறைக்கும். மரம் சாவது அதனால்தான்.

ஈரமண்:
சாறு உறிஞ்சாது, சரி. நெரிக்காது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? விரல் தடிமன் உள்ள ரப்பர் நாற்றிலோ தேக்கு நாற்றிலோ ஏறிய கொடியைப் பிரித்துப் பாருங்கள். தண்டில் சுருள் சுருளாகத் தடம் விழுந்திருக்கும். அதற்குப் பெயர் நெரிப்பு இல்லாமல் என்ன, கொஞ்சலா?

கவாத்துக்கத்தி:
தடம் வேறு, நெரிப்பு வேறு. நெரிப்பு என்றால் தண்டு பருக்கும்போது கொடி விட்டுக்கொடுக்காமல் இறுக்கி, பட்டைக்குள் சர்க்கரை இறங்கும் பாதையை அடைக்க வேண்டும். அப்படி அடைத்தால் இறுக்கிய இடத்துக்கு மேலே தண்டு வீங்கி நிற்கும். கட்டை மாதிரி வைரம் பாய்ந்த கொடிகளால் அது முடியும். மைக்கேனியா தண்டு மெல்லிசு, கையால் இழுத்தாலே கணுவில் ஒடியும். மரம் பருத்தால் அறுவது கொடிதான். வீக்கம் உள்ள படம் ஒன்று போடுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

சருகுமான்:
"ஒத்துக்கொள்கிறேன்." போன மாதம் உண்ணிச்செடி இழையிலும் இதே வார்த்தைதான் சொன்னீர்கள். படம் போட்டோம், வெளிச்சம் சரியில்லை என்றீர்கள்.

கவாத்துக்கத்தி:
அந்தப் படத்தில் இருந்தது உண்ணிச்செடியே இல்லை. அந்த இழையை அங்கேயே விடுங்கள்.

நாற்றங்கால்:
நெரிப்பா மூடலா என்று அடித்துக்கொள்வதற்கு முன், நீங்கள் எல்லாரும் பேசுவது ஒரே கொடியைத்தானா? பழைய பட்டியல்களில் நம் ஊர்க் கொடியையும் மைக்கேனியா கார்டேட்டா என்ற வேறு இனத்தின் பெயரில்தான் எழுதி வைத்திருப்பார்கள். கணுவில் இரண்டு இலைக்காம்புகளுக்கு நடுவே கண்ணாடித்தாள் மாதிரி ஒரு சவ்வு இருந்தால் மைக்ராந்தா. இளந்தண்டில் பாருங்கள், முற்றினால் உதிர்ந்துவிடும். ஒவ்வொரு பூத்தலையிலும் நாலே நாலு பூ. விதை 2 மி.மீ. கூட இருக்காது, கறுப்பு, உச்சியில் வெள்ளை மயிர்க்குச்சம்.

ஈரமண்:
பெயர் எதுவாக இருந்தால் என்ன? நாற்று செத்தால் செத்ததுதானே. நெரிக்கிறது.

கவாத்துக்கத்தி:
மூடுகிறது.

ஈரமண்:
வெறும் நிழல்தான் காரணம் என்றால் தலையில் நாலு இலை இருக்கும்போதே குருத்து வளைந்து கோணலாகப் போவது ஏன்?

கவாத்துக்கத்தி:
பாரம். மழையில் நனைந்த கொடி எவ்வளவு கனக்கும் என்று தெரியாதா? இளங்குருத்து அந்தப் பாரத்தில் குனியும், சில சமயம் ஒடியும். வளைந்தது நெரிபட்டதாக ஆகாது. துணி காயப்போட்டால் கயிறு தொய்கிறது, அதற்காகத் துணி கயிற்றை நெரித்தது என்பீர்களா?

சருகுமான்:
உவமைக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

நாற்றங்கால்:
இதில் வேலைக்கு ஆகிற கேள்வி ஒன்று இருக்கிறது. நெரிப்பு என்றால் ஒவ்வொரு சுற்றையும் பிரித்து எடுக்க வேண்டும். மூடல் என்றால் தூரில் வெட்டினால் போதும். கூலி இரண்டு மடங்கு வித்தியாசப்படும்.

கவாத்துக்கத்தி:
அதற்காகத்தான் தொண்டை வற்றக் கத்துகிறேன். பிரிக்கக் கூடாது, இழுக்கவும் கூடாது. இழுத்தால் குருத்தும் கிளையும் சேர்ந்து வரும். முழங்கால் உயரத்தில் ஒரு வெட்டு, நெஞ்சு உயரத்தில் ஒரு வெட்டு. நடுத்துண்டை எடுத்துவிட்டால் மேலே இருப்பது கீழே தொடாது, தானாகக் காயும். பிறகு தூரைப் பிடித்து வேரோடு பிடுங்க வேண்டும். வேர் ஆழம் போகாது, மண் ஈரமாக இருந்தால் சுலபமாக வரும். தரையில் ஓடும் கொடியைக் கணு கணுவாகத் தூக்கிப் பார்த்து எடுக்க வேண்டும், ஒவ்வொரு கணுவும் தானே பதியம் போட்டிருக்கும். ஒரே ஒரு கணு மண்ணில் கிடந்தாலும் புதுச் செடி. உண்ணிச்செடிக்குச் செய்கிற மாதிரி மண்ணுக்கு 3 முதல் 5 செ.மீ. கீழே ஆணிவேரை வெட்டித் தலைகீழாகக் கவிழ்ப்பது இதற்கு எடுபடாது. இங்கே ஆணிவேரே பேச்சில்லை.

ஈரமண்:
தொங்க விட்டால் காயுமா? அடைமழையில் பாசி பிடித்த கிளைமேல் கிடக்கிற கொடி வாரக்கணக்கில் பச்சையாக நிற்கும். காற்றில் சரிந்து ஒரு முனை மண்ணைத் தொட்டால் போதும், மறுபடி வேர் விடும். நீங்கள் சொல்வது வெயில் காலத்து வைத்தியம்.

கவாத்துக்கத்தி:
அதனால்தான் இரண்டு வெட்டு என்றேன். ஒரு வெட்டு போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு முளைக்கத்தான் செய்யும். வெட்டியதைப் பாதை ஓரத்திலும் ஓடைக்கரையிலும் வீசுகிறார்களே, தண்ணீர் அதை அடுத்த தோட்டத்துக்கு இலவசமாகக் கொண்டுபோய்க் கொடுக்கும். கல்மேலோ தார்ப்பாய்மேலோ பரப்பி மொறுமொறுவென்று காய வைக்க வேண்டும். பச்சையாக மட்குக்குழியில் போட்டால் குழியே தோட்டமாகிவிடும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை திரும்பி வந்து பார்க்க வேண்டும், எல்லாம் பூப்பதற்கு முன்னால். பூத்த பிறகு வெட்டினால் விதையை நாமே உதறிவிட்டதாகத்தான் அர்த்தம்.

ஈரமண்:
இவ்வளவும் சொல்லிவிட்டு நெரிக்காது என்கிறீர்கள்.

கவாத்துக்கத்தி:
இவ்வளவிலும் நெரிப்பு எங்கே வந்தது?

சருகுமான்:
களைக்கொல்லி ஒரு தெளி தெளித்தால் முடிந்தது. எதற்கு இந்தத் தையல் வேலை?

நாற்றங்கால்:
கொடி எதன்மேல் ஏறியிருக்கிறதோ அதன்மேலும் மருந்து விழும். தேயிலைமேல் ஏறியிருந்தால் தேயிலையும் போகும். கிளைபோசேட் களைக்கொல்லியைப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர் மூலம் மட்டுமே தெளிக்கலாம் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆணை போட்டது தெரியுமா?

சருகுமான்:
சட்டம் படித்தவர் வந்துவிட்டார். அப்போது கொடிக்கு நோய் தருகிற பூஞ்சையைக் கொண்டுவந்து விடுங்கள். துருப்பூஞ்சை இருக்கிறதே!

கவாத்துக்கத்தி:
விட்டாயிற்று. பக்சினியா ஸ்பெகாசினி. 2005-இல் அசாமில் விட்டார்கள், 2006-இல் கேரளத்தில் விட்டார்கள். இங்கே நிலைக்கவில்லை. தைவானிலும் பப்புவா நியூ கினியாவிலும் நிலைத்தது. அந்தப் பூஞ்சை இலையிலும் காம்பிலும் தண்டிலும் புண் போட்டுக் கொடியை வாட்டும். தண்டால் நெரிக்கிற ராட்சதனாக இருந்தால் இலைப்புண்ணுக்கு இவ்வளவு பயப்படுமா? இலைதான் அதன் ஆயுதம்.

ஈரமண்:
எந்தச் செடிக்கும் இலை போனால் கஷ்டம்தான். இது ஒரு வாதமா?

சருகுமான்:
உலகப்போரில் விமானத்தளத்தை மறைக்க வெள்ளைக்காரன் கொண்டுவந்த கொடி சார் இது. நிமிஷத்துக்கு ஒரு மைல் போகும் என்றுதானே பெயரே!

கவாத்துக்கத்தி:
போர்க்கதைக்குப் பக்கத்திலேயே, தேயிலைத் தோட்டத்தில் மண்ணை மூடக் கொண்டுவந்தார்கள் என்ற கதையும் இருக்கிறது. உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். வேகம் மட்டும் கணக்கு. நல்ல பருவத்தில் நாளுக்கு 8, 9 செ.மீ. என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு மைல் 1609 மீட்டர். நாளுக்கு 9 செ.மீ. என்றால் ஒரு மைலுக்கு ஏறக்குறைய 49 வருடம். நீங்கள் சொன்ன நிமிஷம் அது.

நாற்றங்கால்:
ஒரு நுனிக்குத்தான் அந்த 9 செ.மீ. ஒரு செடியில் எத்தனை நுனி? கணக்கு போடுகிறவர் அதையும் சேர்த்துப் போடலாமே.

கவாத்துக்கத்தி:
நுனி எத்தனை இருந்தாலும் ஒரு மைல் தூரம் ஒரு மைல்தான். மூடுகிற பரப்புதான் கூடும். மூடுகிற. கவனித்தீர்களா? அதோடு இது வெளிச்சம் தேடும் கொடி. விதானம் மூடிய சோலைக்குள் போகாது. சாலை ஓரம், மரம் விழுந்த இடைவெளி, காட்டு விளிம்பு, இங்கேதான் ஆட்டம் போடும். நெரித்தே பிழைக்கிற கொடிக்கு வெளிச்சத்தின்மேல் என்ன இவ்வளவு ஆசை?

ஈரமண்:
வெளிச்சத்துக்கு ஏறத்தான் சுற்றுகிறது. சுற்றுவதால்தான் இறுகுகிறது. பற்றுக்கம்பி கிடையாது, ஒட்டுவேர் கிடையாது, தண்டாலேயே சுற்றித்தான் ஏறுகிறது என்பதையாவது மறுப்பீர்களா?

கவாத்துக்கத்தி:
மறுக்கவில்லையே. அவரையும்தான் பந்தக்காலைச் சுற்றுகிறது. கால் செத்துவிட்டதா?

ஈரமண்:
பந்தக்கால் ஏற்கனவே செத்த மரம், ஐயா.

சருகுமான்:
😂😂 இது இந்த வருஷத்துப் பதில்.

கவாத்துக்கத்தி:
சிரித்து முடித்ததும் வீக்கம் உள்ள படத்தைப் போடுங்கள். இரண்டாம் முறையாகக் கேட்கிறேன்.

ஈரமண்:
மழை விட்டதும் போடுகிறேன். வெளிச்சம் சரியில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

நாற்றங்கால்:
படம் எடுக்கும்போது கணுவில் அந்தச் சவ்வு இருக்கிறதா என்றும் பாருங்கள். நான் கேட்டதற்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.

கவாத்துக்கத்தி:
சவ்வு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நெரிக்காது.