கையால் தைத்துக் கொடுத்தோம், அப்புறம்? – சேலம் பக்கம் தைக்கிறவர்கள் புனைபெயரில் எழுதிய அனுபவப் பகிர்வு

ஊதாக் கட்டம் (அம்மாபேட்டை)

அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவர் கட்டி நைந்துபோன கைத்தறிச் சேலைகள் நான்கை எடுத்து, அண்ணன் மகளுக்குக் குழந்தை பிறந்தபோது ஒட்டுத்துணி விரிப்பு தைத்தேன். 6 இஞ்ச் சதுரமாக 36 துண்டுகள். நான்கு பக்கமும் கால் இஞ்ச் தையலுக்குப் போக, முடித்தபோது 33க்கு 33 இஞ்ச் வந்தது. உள்ளே அப்பாவின் வேட்டி இரண்டு மடிப்பு, அடியில் மல் துணி, மேலே முழுக்க ஓட்டுத் தையல். மிஷினில் ஒரே நாளில் ஓட்டியிருக்கலாம். கையால்தான் போடவேண்டும் என்று ஒரு பிடிவாதம். ஐந்து வாரம் ஆனது. நீங்கள் எல்லாம் தைக்கிறவர்கள், இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

நடுவில் வைத்த ஊதாக் கட்டம், அம்மா ஆடியில் கோட்டை மாரியம்மன் கோயிலுக்குக் கட்டிக்கொண்டு போகிற சேலை.

குழந்தையோடு அவள் கோயம்புத்தூர் போய்விட்டாள். விரிப்பு சேலம் குகைப் பகுதியில் அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டது. போன மாதம் போயிருந்தேன். மேஜைமேல் இஸ்திரிப் பெட்டி நிற்கிறது, அதற்கடியில் என் விரிப்பு. ஊதாக் கட்டத்தின் மேல் பழுப்பாகப் பெட்டியின் அச்சு. கூர்முனைகூட அப்படியே தெரிகிறது. அண்ணி காபியோடு வந்து, "நல்ல கனமா தச்சிருக்கே கண்ணு. இஸ்திரி போட இதைவிடத் தோதா ஒண்ணு கிடைக்காது" என்றார். மனசாரத்தான் சொன்னார், முகத்திலேயே தெரிந்தது. நான் காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். ராத்திரி படுத்தால் அந்த அச்சுதான் கண்ணில் நிற்கிறது.

உங்களில் யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

மலைமேல் வீடு (ஏற்காடு)

எனக்கு நேர்மாறாக ஆனது. நான் கொடுத்ததை அந்தம்மா ஒரு நாள்கூட உபயோகிக்கவில்லை.

எங்கள் பக்கத்து எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்க வருகிற அம்மா. வயது அறுபதுக்கு மேல். பறிப்பு முடிந்து போகும்போது சில்வர் ஓக் சுள்ளியைக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு இறங்குவார். தலைக்குச் சும்மாடாக ஒரு பழைய துண்டைச் சுருட்டி வைத்திருப்பார், அது வழியெல்லாம் அவிழும். ஒரு கையால் கட்டையும் இன்னொரு கையால் துண்டையும் பிடித்துக்கொண்டு மேட்டில் இறங்குவதைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கும். வீட்டில் கிடந்த ஜமக்காளத் துண்டு, பழைய சட்டைத் துணி எல்லாம் சேர்த்து, வளையமாக, நடுவில் ஓட்டை வைத்து, சுற்றிச் சுற்றித் தைத்து ஒரு சும்மாடு செய்தேன். மேலே சிவப்புப் பூப்போட்ட சீட்டித் துணி. கொடுத்தபோது இரண்டு கையாலும் வாங்கினார்.

மறுநாளும் பழைய துண்டுதான். அதற்கு மறுநாளும் அதேதான். அளவு சரியில்லையோ, தலையில் உறுத்துகிறதோ என்று எனக்குள் ஒரே குடைச்சல். தை மாதம் அவருக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு எஸ்டேட் ஆட்கள் தங்குகிற லைன் வீட்டுக்குப் போனேன். உள்ளே இருட்டு. சேர்வராயன் சாமி படத்துக்கு முன்னால் ஒரு பித்தளைச் சொம்பு. அந்தச் சொம்பு உட்கார்ந்திருந்தது என் சும்மாட்டின்மேல். சிவப்புப் பூ ஒன்றில்கூட அழுக்கு இல்லை. "இதப் போயி விறகுக்கு வெக்கறதா தாயி?" என்றார்.

அவர் தலை இன்னமும் அந்த அவிழ்கிற துண்டைத்தான் சுமக்கிறது. சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஊதாக் கட்டம் அக்கா, உங்கள் அண்ணி தினமும் தொடுகிறாரே. என்னைக் கேட்டால் அது பெரிய விஷயம்.

ஐந்து ரோடு

மலைமேல் வீடு சொல்வதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. தினமும் தொடுவதும் தினமும் சுடுவதும் ஒன்றா? அம்மா கட்டிய சேலை என்று அண்ணிக்குத் தெரியாமலா இருக்கும்? ஒரே வீட்டில் இருந்தவர்தானே. நானாக இருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன்.

நான் தோழிக்குத் தைத்துக் கொடுத்த லஞ்ச் பையை அவள் மகன் செருப்பு வைக்கிற பையாக்கிவிட்டான். பஸ்ஸில் பார்த்தேன், கேட்டேன், வாங்கி வந்துவிட்டேன். தோழி மூன்று மாதம் பேசவில்லை. அதுவும் உண்மைதான்.

செவ்வாய்ப்பேட்டை டெய்லர்

முதலில் என் கதை, சின்னதுதான். என் கொழுந்தியாவுக்கு அடுப்படிப் பிடிதுணி இரண்டு தைத்துக் கொடுத்தேன். கடையில் மீந்த துணி, பார்க்கப் பளபளப்பாக இருந்தது. நடுவில் மெத்தென்று இருக்கட்டும் என்று சீட் கவர் வேலையில் மீந்த ஸ்பாஞ்ச் வைத்தேன். குக்கரை இறக்கும்போது ஓரம் தீயில் பட்டு உருகி அவள் கட்டைவிரலில் ஒட்டிவிட்டது. தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு அவள், "பரவால்ல மாமா" என்றாள். இருபத்தைந்து வருஷத் தொழில், துணி எது என்று பார்க்காமல் தைத்துவிட்டேன். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

அதனால் சொல்கிறேன், யாரும் கேட்காவிட்டாலும். அடுப்புப் பக்கம் போகிற எதற்கும் நூறு சதம் பருத்திதான். உள்ளேயும் பழைய டர்க்கித் துண்டு இரண்டு மடிப்பு, அதுவும் பருத்தி. ஸ்பாஞ்ச் வேண்டாம். சந்தேகம் இருந்தால் ஓரத்தில் நாலு நூல் உருவி, குறட்டில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் என்றால் சுருண்டு உருகி, ஆறினதும் கறுப்பு மணி மாதிரி இறுகிவிடும்.

பழைய சேலையை வெட்டுகிறவர்களுக்கு: முதலில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த இடம் சல்லடை மாதிரி தெரியும். அதை விட்டுவிட்டு, கொசுவத்துக்கு உள்ளே போகிற சுற்றிலிருந்து வெட்டுங்கள், அங்கேதான் துணி உயிரோடு இருக்கும். புதுத் துணியையும் பழைய துணியையும் சேர்க்கிறீர்கள் என்றால் புதியதை முதலில் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்ட பிறகுதான் கத்தரி. இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே புதுக் கட்டம் சுருங்கும், பக்கத்துப் பழைய கட்டம் கிழியும். சிவப்பு, கருநீலம் இரண்டையும் ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். சேலம் வெண்பட்டு, இளம்பிள்ளைப் பட்டு மாதிரி துணிக்கு 11ஆம் நம்பர் ஊசி போடுங்கள். ஜீன்ஸ் தைத்த 16ஆம் நம்பர் ஊசியோடு பட்டில் ஏறினால் ஓட்டை ஓட்டையாகத் தெரியும், அதைப் பிரித்தாலும் போகாது.

ஊதாக் கட்டம் தங்கச்சி, இஸ்திரித் தீய்ச்சல் இலேசான மஞ்சளாக இருந்தால் துவைத்து வெயிலில் போட்டால் குறையும். பழுப்பு என்கிறீர்கள். அப்படியென்றால் நூலே கருகியிருக்கும், தேய்க்காதீர்கள், கிழிந்துவிடும்.

அஸ்தம்பட்டி பாட்டி

நான் பேரனுக்குக் கடுகுத் தலையணை தைத்தேன். கடுகைப் புடைத்து, கல் மண் பொறுக்கி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, மெல்லிய வேட்டித் துணியில் கொட்டி, நடுவில் பள்ளம் விழுகிற மாதிரி தையல் போட்டேன். என் நான்கு பிள்ளைகளுக்கும் இப்படித்தான், எல்லோருக்கும் தலை உருண்டையாக இருக்கிறது.

டாக்டரம்மா வந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் குழந்தையின் தலையைத் தூக்கி, தலையணையை உருவி, என் மடியில் வைத்தார். கடுகு சரசரவென்று சத்தம் போட்டது. என் மருமகள் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள். அந்தச் சத்தம்தான் எனக்கு மறக்கவில்லை.

நைட் டூட்டி நர்ஸ்

பாட்டி, உங்கள் கையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் டாக்டரம்மா செய்தது சரி. ஒரு வயது வரை குழந்தை தூங்குகிற இடத்தில் தலையணை, கனமான போர்வை, பஞ்சுப் பொம்மை எதுவும் இருக்கக் கூடாது. மூக்கு அமுங்கினால் திருப்பிக்கொள்ள அதற்குத் தெரியாது. கெட்டியான, சமமான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். தலை ஒரு பக்கம் தட்டையாக இருந்தால், விழித்திருக்கும்போது பக்கத்தில் ஆள் இருந்து குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டுங்கள், பெரும்பாலும் தானே சரியாகும். மூன்று வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்குப் பொம்மை தைத்தால் கண்ணுக்குப் பட்டன் வைக்காதீர்கள், நூலாலேயே கண் போடுங்கள். பிய்ந்த பட்டன் தொண்டைக்குள் போய் வந்த பிள்ளையை ஒரு ராத்திரி நான் தூக்கியிருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

அஸ்தம்பட்டி பாட்டி

சரி கண்ணு. நான்கு பிள்ளைகள் அதில்தான் வளர்ந்தார்கள் என்பதையும் எழுதிவைக்கிறேன். கடுகைப் பிரித்து எடுத்துவிட்டேன், துணியை வைத்திருக்கிறேன். அதில் பேரனுக்கு என்ன தைக்கலாம் என்று யாராவது சொல்லுங்கள்.

பாவடித் தெரு

பாட்டி, வாய் துடைக்கிற துணி தையுங்கள். பல் முளைக்கிற வரை ஒரு நாளைக்குப் பத்து வேண்டும்.

என்னுடையது. அப்பா வேட்டி நெய்தவர், குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்கிற குழித்தறி. அவர் காலம் முடிந்து இரண்டு வருஷம் தறி அப்படியே கிடந்தது. வீட்டைப் பிரிக்கும்போது தறியையும் பிரித்தோம். அதில் பாதி ஓடிய பாவு (நெய்வதற்கு நீளவாக்கில் கட்டிய நூல்) ஒன்று இருந்தது. ஒன்றரை முழம் நெய்தது, மீதி வெறும் நூல். நெய்த துணியை, பாவு நூல் கோத்த தறி அச்சுக்கு முன்னால் வெட்டி எடுத்தேன். எங்கள் தெருவில் விடியற்காலை பாவு விரித்துக் கஞ்சி போடுவது நின்றுபோய் எத்தனையோ வருஷம், ஆனால் அந்தத் துணி விறைப்பாக, கஞ்சி போகாமல் இருந்தது.

நாங்கள் அக்கா தங்கை நான்கு பேர். நான்கு சுருக்குப் பை தைத்தேன். துவைக்கவில்லை. டெய்லர் அண்ணா திட்டுவார், துவைக்காத துணியில் தைக்கக் கூடாதுதான். ஆனால் எனக்குத் துவைக்கக் கை வரவில்லை. இழுகயிற்றுக்கு மீந்த பாவு நூலையே முறுக்கிப் போட்டேன்.

பெரியக்கா சென்னையிலிருந்து வந்தாள். வெற்றிலை பாக்கு வைத்துத்தான் கொடுத்தேன். அதையெல்லாம் எடுத்து ஓரமாக வைத்தாள். பையின் வாயை இரண்டு விரலால் விரித்து, மூக்கில் வைத்து மோந்தாள். ரொம்ப நேரம் எடுக்கவில்லை. அப்புறம் சுருக்கை இழுத்து, இறுக்கி, முடிச்சு போட்டுவிட்டாள். அந்தப் பையை அவள் பிறகு திறக்கவே இல்லை. திறந்தால் வாசனை போய்விடும் என்கிறாள். நான் அவளுக்குக் காசு போட்டு வைக்கத்தான் தைத்தேன்.

ஐந்து ரோடு, நீங்கள் அண்ணியைப் பற்றி எழுதியது கொஞ்சம் கடுமை. ஒரே வீட்டில் இருந்தாலும் எல்லோர் கண்ணுக்கும் எல்லாச் சேலையும் ஞாபகம் இருக்காது. எங்கள் அப்பா நெய்த கரையை என் சொந்த அண்ணனுக்கே அடையாளம் தெரியவில்லை.

ஊதாக் கட்டம் (அம்மாபேட்டை)

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். பாவடித் தெரு சொன்ன பிறகு நேற்று அண்ணிக்குப் போன் போட்டேன். "அண்ணி, அந்த விரிப்பில் நடுவில் இருக்கிற ஊதா, அம்மா ஆடிக்குக் கட்டுகிற சேலை" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "எனக்குத் தெரியாதே கண்ணு. நீ ஏன் அன்னைக்கே சொல்லல?" என்றார். குரல் உடைந்துவிட்டது. கொடுக்கும்போதும் நான் சொல்லவில்லை. வெறும் பழைய துணி விரிப்பு என்றுதான் கொடுத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போகிறேன். இஸ்திரிக்கு என்று தனியாக, நாலு மடிப்புப் பருத்திப் போர்வைத் துணியில் ஒன்று தைத்துக்கொண்டிருக்கிறேன், அதைக் கொடுத்துவிட்டு விரிப்பை எடுத்து வருவேன். ஊதாச் சேலையில் முந்தானைப் பக்கம் ஒரு கை அகலம் மீதி இருக்கிறது. டெய்லர் அண்ணா, கருகின கட்டத்தைப் பிரித்து எடுத்துத்தான் மாற்ற வேண்டுமா? பிரித்தால் சுற்றி இருக்கிற எட்டுக் கட்டமும் தளர்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டை டெய்லர்

பிரிக்காதீர்கள். புதுத் துண்டை 6 இஞ்ச்சே வெட்டி, நான்கு ஓரமும் கால் இஞ்ச் உள்ளே மடித்து இஸ்திரி போட்டு, கருகின கட்டத்தின் மேலேயே வைத்து, நூல் வெளியே தெரியாத ஒளிவுத் தையல் போடுங்கள். முந்தானைத் துணி என்றால் முதலில் நனைத்துக் காயவையுங்கள். மிஷின் வேண்டாம், கையாலேயே போடுங்கள்.